ஒன்றே முக்கால் படி மொச்சை

என் மாமியார் வீட்டு அடுப்படியில் ஒரு பித்தளைத் தராசு தொங்கும். பாகூர்ப் பக்கத்து உழவர் வீடுகளில் எதையும் படியால்தான் அளப்பார்கள். என் மாமியாரோ வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்த கிலோக் கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காய்ந்த மொச்சையை நிறுத்துக் கொடுப்பார். வெந்ததை வடித்துப் படியில் போட்டு அளப்பார். ஒரு கிலோ மொச்சைக்கு ஒன்றே முக்கால் படி வரவேண்டும். குறைந்தால், சமைத்தவள் தின்றுவிட்டாள் என்று அர்த்தம்.

நான் அந்த வீட்டின் இளைய மருமகள். மூத்தவளை அக்கா என்று கூப்பிடுவேன், கரையாம்புத்தூர்க்காரி. அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்றுக்காக அவள் நின்றாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம். நான் வந்த புதிதில் சோற்றை அடிப்பிடிக்க விட்டபோது, மாமியார் கண்ணில் படுமுன் கருகியதையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கரும்பு வெட்டு நடந்த நாளொன்றில் அக்கா வேகவைத்த மொச்சை ஒன்றே கால் படிதான் வந்தது. மாமியார் கொட்டிவிட்டு மறுபடி அளந்தார்.

"இன்னாடி, அரைப் படி எங்க போச்சு?"

"பழைய மொச்சை அத்தை. ஊறவே இல்ல. பல்லுல வச்சா கல்லாட்டம் இருக்குது."

"பல்லுல வச்சியா? அப்ப தின்னுதான் இருக்க."

கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனார். தொண்டையில் விரலை விடச் சொன்னார். அக்காவின் புருஷன் அங்கேதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"அம்மா சொல்றதச் செய்," என்றார் அவர், தலை நிமிராமல்.

காலையில் குடித்த கூழ்தான் வந்தது. மாமியார் ஓர் ஈர்க்குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார். ஒரு மொச்சைகூட இல்லை. "முன்னாடியே துப்பியிருப்பா" என்று குச்சியை வீசிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை வண்டி கட்டி அக்காவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் தானியக் குதிரில் கிடந்த அதே மொச்சையை நான் வேகவைத்தேன். அதே ஒன்றே கால் படி. மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"பழசு," என்றார். "இனி ஒன்னே கால் வந்தா போதும்."

"அக்காவக் கூட்டியாரச் சொல்லலாமா அத்தை?"

"போனவ போனவதான். நீ தாளி."

தை பிறந்ததும் அக்காவின் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது.

பல வருடங்கள் கழித்து, உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கரையாம்புத்தூர் போனபோது அக்காவைப் பார்த்தேன். யாருடைய வயலிலோ களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றே, மொச்சை பழசுதான் என்று மாமியார் தன் வாயால் சொன்னதைச் சொன்னேன். அவள் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

அக்கா கைச்சேற்றைப் புல்லில் துடைத்தாள்.

"எம் புருஷனுக்கு அன்னிக்கே தெரியும்டி. புது மொச்சைய வித்துட்டு, குதிரு அடியில கெடந்தத அத்தைகிட்ட அள்ளிக் குடுத்ததே அவருதான். கல்யாணத்துக்குப் பொண்ணும் அப்பவே பாத்து வச்சிருந்தாராம்."

வயல்காரர் கூப்பிட்டார். அவள் குனிந்து களையைப் பிடுங்கத் தொடங்கினாள்.