ஹெட்போனில் எண்ணெய் நாற்றம்

அம்மாவின் வீடியோ அழைப்புக்காக ஹெட்போனை மாட்டியதும் தேங்காய் எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. பட்டுக்கோட்டை பிரவுசிங் சென்டரின் அதே நாற்றம். ஊரே தலை நிறைய எண்ணெயோடு மாட்டிக் கழற்றிய ஹெட்போன் அங்கே இருந்தது.

ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்ததும், துபாயில் வேலை பார்த்த அப்பாவைத் திரையில் பார்க்க அம்மாவும் நானும் அங்கே போவோம். பத்தாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை தனியாகப் போனபோது, சாட்டிங்குக்கு நான் வைத்துக்கொண்ட பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க மறந்துவிட்டேன். மறுநாள் அப்பா திரையில் வந்ததும், சென்டர்காரர் வேலை மெனக்கெட்டு அதைச் சொன்னார்.

"ஸ்டெல்லாவாம்! நேத்து உங்க பையன்தாங்க இதுல உட்கார்ந்திருந்தான்."

அப்பாவுக்கு ஒரே பெருமை, சிரிப்பு. "யாருடா அந்தப் பொண்ணு?"

"நான்தாம்ப்பா."

சிரிப்பு நின்றது. அப்பா உள்ளங்கையால் கேமராவை மூடினார். அதன் பிறகு பதினெட்டு வருடமாக அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று அம்மா குழைந்தாள். "அப்பா உன்னைப் பாக்கணுங்கிறாரு. அந்தச் சேலையை மாத்திட்டு ஒரு சட்டை போட்டுக்கிட்டு வாடா."

அவளுக்குப் பின்னால் அப்பாவின் நரைத்த தலை தெரிந்தது. நான் உள்ளங்கையால் கேமராவை மூடினேன்.

"ஸ்டெல்லான்னு அவரைக் கூப்பிடச் சொல்லும்மா. அப்புறம் கையை எடுக்கறேன்."