பெத்தவளுக்கு முன்னால்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் சேலைக் கடை மேற்பார்வையாளராக வேலை பார்த்த புனிதவதிக்கு, பிள்ளை வளர்ப்பில் யாரும் தன்னை மிஞ்ச முடியாது என்ற எண்ணம் நெடுநாளாய் உண்டு. மகள் லோஷினி படிக்கும் இடைநிலைப்பள்ளியில் பெற்றோர் சங்கச் செயலாளர் அவள்தான். போதைப்பொருள் தடுப்புக் கூட்டம் என்றால் மண்டபம் பிடிப்பதிலிருந்து அரிசிச் சேமியாவில் கிளறிய மீகூன் பொட்டலம் கட்டுவதுவரை அவள் கைதான். ஆனால் வருகிறவர்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பாதியிலேயே நழுவிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை பள்ளி ஆசிரியர் சிகு தேவதாஸ், ரப்பர் பால்மரத் தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாய் மாறிய பிறகும் அங்கேயே வேலை செய்யும் இராஜம்மாவை மேடையேற்றினார். அவள் மகன் ஜீவன் ஷாபு என்னும் போதைப்பொருள் பழக்கத்தில் சீரழிந்து, மறுவாழ்வு மையத்தில் இருந்து வந்தவன். இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான்.

"எம்மவன் ரூம்புக்குள்ள ஷாபு இழுத்தப்ப, நான் ஹால்ல நாடகம் பாத்துக்கிட்டு இருந்தேன்லா," என்று ஆரம்பித்தாள் இராஜம்மா. அன்று ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

புனிதவதிக்கு வயிறு எரிந்தது. பிள்ளையைக் கெட்டுப்போக விட்டவளுக்கு மேடை. கண்ணும் கருத்துமாய் வளர்த்தவளுக்கு நாற்காலி அடுக்கும் வேலையா? அதன்பின் எந்தக் கூட்டமானாலும் "இராஜம்மாக்கா வர்றாங்களா?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் சிரித்தபடி "வர்றாங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தாடை வலித்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். இன்னொரு கூட்டம் முடிந்து மைக்கை அலுவலகத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, மண்டபத்தின் பின்புறம் லோஷினி இராஜம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுவதைப் பார்த்தாள். தன் முன்னால் மகள் அழுது வருஷக்கணக்காகிவிட்டது.

"எம்புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும். உங்க புள்ளைய நீங்க பாத்துக்குங்கக்கா!"

சொன்ன பிறகுதான் சொல்லின் சூடு அவளுக்கே உறைத்தது. இராஜம்மா கோபப்படவில்லை.

"நான் பாத்துக்கல, அதான புனிதா," என்றாள் மெல்ல. "ஒங்கிட்ட சொல்லச் சொல்லித்தான் இவகிட்ட இவ்ளோ நேரமா மன்றாடுறேன்."

வீட்டுக்கு வந்ததும் புனிதவதி கதவைச் சாத்தினாள். "அவங்ககிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லு."

"கத்துவீங்க."

"கத்தமாட்டேன்!"

"இப்பவே கத்துறீங்கம்மா."

புனிதவதி வாயை மூடிக்கொண்டு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். லோஷினி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வகுப்புத் தோழி குமுதா வேப் எனும் மின்சிகரெட் ஒன்று கொடுத்தாளாம். அதில் ஏதோ கலந்திருந்திருக்கிறது. இரண்டு இழுப்பிலேயே லோஷினி கால் துவண்டு பள்ளிக் கழிவறையில் விழுந்துவிட்டாள். இப்போது குமுதா அதை லோஷினியின் பையில் ஒளித்து வைக்கச் சொல்லி நச்சரிக்கிறாள்.

புனிதவதி கையை ஓங்கினாள். 'இராஜம்மா அடித்திருக்க மாட்டாள்' என்ற நினைப்பு அதைப் பாதியில் நிறுத்தியது. அன்று மகள் அடி வாங்காமல் தப்பியது தாயின் பொறுமையால் அல்ல. இராஜம்மாவிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பால்தான்.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மீதியையும் சொன்னாள்.

திங்கட்கிழமை இருவரும் சிகு தேவதாஸைப் பார்த்தார்கள். குமுதாவின் அம்மா லெட்சுமிக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றார் அவர். தான் போனால் குத்திக்காட்ட வந்ததாக நினைத்து லெட்சுமி கதவைச் சாத்திவிடுவாள் என்று புனிதவதிக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் இராஜம்மாவுக்குப் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. "ஈஜோக்குல லெட்சுமி வீட்டுக்கு ஒரு எட்டு வரீங்களாக்கா?" என்றாள். "எப்ப வரணும்?" என்றாள் இராஜம்மா.

ஈஜோக்கில் லெட்சுமி முதலில் சீறினாள். பிறகு இராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அந்தப் பிடியைப் பார்த்தபோதும் புனிதவதியின் நெஞ்சு ஓரமாய்க் கரித்தது. ஆனால் அந்த வீட்டு அடுப்பில் தண்ணீர் வைத்து, மூவருக்கும் தேநீர் கலக்கியது அவள்தான்.

குமுதா இப்போது சிகிச்சைக்குப் போகிறாள். லோஷினி வேப்பைத் தொடுவதில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சமையலறையில் நின்று அம்மாவிடம் பேசுகிறாள். வாரத்துக்கொரு முறை இராஜம்மாவுக்கும் போன் போகிறது. அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"அப்படி என்னாடி பேசுனீங்க ரெண்டு பேரும்?" என்று புனிதவதி கேட்காமல் விட்ட நாளில்லை.