பொதுவாகச் சொன்ன மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை ராஜவேலு நல்லவர்தான். வாயைத் திறந்தால்தான் தொல்லை. எதையும் இன்னாருக்கு இன்னது என்று சொல்ல மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று, பிடிச்சிருக்கா என்று கேட்டதற்கு, "பெரியவங்க இருக்காங்க" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் முழித்தோம். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், "சில பேர் ஊட்ல உப்பு நெறையப் போடறாங்க" என்பார். இந்த ஊட்டில் குழம்பு வைக்கிறது நான் ஒருத்திதான். யார் அந்தச் சில பேர் என்று கேட்டால், "பொதுவா சொன்னேன் அத்தை" என்பார்.

அவர் கைக்கு மட்டும் அந்த வியாதி கிடையாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் வேலை. மேலே கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர் மோசஸ். கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிறவர் நம்ம மாப்பிள்ளை. அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. விரலை மேலே சுழற்றினால் தூக்கு. கையை மூடினால் நிறுத்து. அங்கே போய்ப் பொதுவாகக் கையை ஆட்டினால் கம்பிக் கட்டு எவன் தலையிலாவது இறங்கிவிடும். இதுவரைக்கும் எந்தத் தலைக்கும் சேதமில்லை.

காலையில் மோசஸ் அத்திப்பட்டில் ரயில் ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வைப்பார். மீஞ்சூரில் மாப்பிள்ளை ஏறி, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். நாள் முழுக்க நிற்கிற முட்டிக்கு அந்தத் துண்டுதான் மருந்து.

அந்த ரயில் ஆட்களை வைத்து மாப்பிள்ளை போனில் ஒரு குரூப் நடத்துகிறார். பேரு 'யோசிக்கிறவங்க'. ஒரு நாள் அதில், "கேட்டதுக்கெல்லாம் போனு பதில் சொல்லுதே, அது யோசிக்குதா?" என்று போட்டார். எனக்கு எழுத்து தெரியாது. மகள் கங்கம்மாளும் அந்தக் குரூப்பில் உண்டு, அவள் படித்துச் சொல்வாள். மோசஸ் யோசிக்குது என்றார். மாப்பிள்ளை யோசிக்கல என்றார். ஊரே ரெண்டு கட்சி ஆனது. யோசிக்கிறது என்று நீ எதைச் சொல்கிறாய் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை முடிந்துவிடுமே.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மகள் போனை வாங்கிப் பேசி அனுப்பினேன். "யோசிக்குதுப்பா. எங்க ஊட்டு மிக்சியே யோசிக்குது. கரண்ட் இருந்தாலும் அதுக்கு மனசு வந்தாத்தான் சுத்துது."

எனக்குப் பின்னால் மோசஸ் ரெண்டு வரி எழுதினாராம். அதற்கும் கீழே மாப்பிள்ளை எழுதினார்: "யோசிக்காமப் பேசறவங்களுக்குப் பதில் சொல்றதா இல்ல." பேரும் இல்லை, ஊரும் இல்லை. மோசஸ் குரூப்பை விட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சீட்டில் துண்டு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாப்பிள்ளை ரயிலிலும் நின்றுகொண்டே போனார். ஆலையில் கைப்பேச்சு மட்டும் நடந்தது. அப்புறம் மோசஸ் வேறு ஷிப்டு கேட்டிருக்கிறார் என்று சேதி வந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கங்கம்மாள் முட்டிக்கு எண்ணெய் காய்ச்சிக்கினு இருந்தாள்.

"யாரைச் சொன்னீங்க மாப்பிள்ளை?"

"பொதுவா சொன்னேன் அத்தை."

"பொதுவா சொன்னதுக்கா முட்டி இப்டி வீங்கிக்கினு கீது? மோசஸைத்தானே சொன்னீங்க?"

"அவனை இல்ல அத்தை. சத்தியமா."

"அப்ப அவருகிட்டயே சொல்லிடறது."

"பின்ன யாருன்னு கேப்பானே."

"கேட்டா சொல்றதுக்கு இன்னா?"

மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார். கங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னையா? மிக்சியைச் சொன்னேனே, அதுக்கா? மோசஸ் போல நானும் யோசிக்குதுன்னு தானே..."

அவர் கை அதுவாக மேலே போய் மூடிக்கொண்டது. நிறுத்து.

"சரி. இதை அவருக்கு எழுதுங்க."

"உங்களைப் போயி எப்டி அத்தை..."

"ஊட்ல சொல்ல முடியாததை ஊருக்கே எழுதினீங்க இல்ல? இப்ப பேரோட எழுதுங்க. பூவம்மாள்னு."

எழுதினார். "நான் சொன்னது உன்னை இல்ல. எங்க அத்தை பூவம்மாளை." கொஞ்ச நேரத்தில் மோசஸ் பேசியே அனுப்பினார். முக்கால்வாசி சிரிப்பு. கடைசியில், "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? அந்த மிக்சிப் பேச்சு எனக்கும் அப்டித்தான் தோணிச்சு" என்றார். அவர் ஊட்டுக்கு நான் கொடுத்து அனுப்பின வஞ்சிரக் கருவாட்டையெல்லாம் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் துண்டு இருந்தது. ஷிப்டு பேச்சும் போனது. ரயிலில் ரெண்டு பேரும் பேசியதை மாப்பிள்ளை வந்து சொன்னார். கேள்வியிலிருந்து வழி பிடித்துப் பதிலுக்குப் போவதைத்தான் மோசஸ் யோசனை என்றாராம். உள்ளே ஒரு கவலை கிடந்து அரிப்பதை இவர் யோசனை என்றாராம். போனு வழி பிடிக்குதுதான் என்று இவர் ஒத்துக்கொண்டார். அதுக்கு ஏதுடா கவலை என்று அவர் ஒத்துக்கொண்டார். பொன்னேரி வருவதற்குள் சண்டை தீர்ந்தது. பேச ஒன்றும் இல்லாமல் கும்மிடிப்பூண்டி வரைக்கும் தூங்கியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு இப்போது பேர் சொல்லிப் பழகிவிட்டது. நேற்று தட்டைத் தள்ளி வைத்து, "அத்தை, நீங்க வெச்ச கொழம்புல உப்பு ஜாஸ்தி" என்றார். சில பேர் மேல் பழி விழுந்த காலத்தில் நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன். இப்போது எழுந்து போய்த் தண்ணி ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றினேன். ஆனால் மிக்சி யோசிக்கிறது என்பதில் மாற்றமில்லை. இன்றைக்குக் காலையில்கூட சட்னிக்கு மாட்டேன் என்றது.