எட்டுக்கால் பூச்சிக்குக் கட்டிய வீடு

இரண்டடி உயரத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் கதவில் பதித்திருந்தது என் கல்யாணப் போட்டோவின் கண்ணாடி. பக்கத்துக் காற்றுத் துளைகளில் அடித்திருந்தது என் மாமியாருடைய மாவுச் சல்லடையின் கம்பி வலை. இந்த இரண்டுக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல. “பூச்சிக்கு பங்களா கட்றாளாம், பூச்சிக்கு!” என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். சொல்லட்டுமே! எழுபதுகளின் கடைசியில், லைட்ஹவுஸ் குப்பத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எங்கள் கூரை வீட்டில் அதைவிட அழகான பொருள் எதுவும் இருந்ததில்லை. அதற்குத் திட்டம் போட்டவன் என் கொழுந்தன். ஆணி அடித்தவள் நான்.

அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் கரைக்குத் திரும்பும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டிவிட்டது. மரம் அவன் முதுகில் ஏறி இறங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பட்டணத்தில் காட்டினோம், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பாயில் மல்லாந்தே கிடந்தான். சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவான், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். என் வீட்டுக்காரர் தம்பியின் பக்கத்தில் உட்காரவே பயந்தார். அந்தப் பிள்ளை சாவது என்று முடிவு செய்துவிட்டான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை.

ஏரிக்கு அக்கரைக் காட்டிலிருந்து படகில் விறகு வரும். ஒரு நாள் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தேன். கட்டையின் பொந்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி வெளியே வந்தது. உடம்பெல்லாம் மயிர், சாம்பலும் கறுப்புமாக வரி. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அவற்றின் அடிப்பக்கம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருந்தது. ஐயோ என்று அலறித் துடைப்பத்தை ஓங்கினேன். “அடிக்காத அண்ணி! அத்த உட்டுடு!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அவன் அவ்வளவு உரக்கப் பேசிக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. அந்தக் குரலுக்காகவே அதைக் கொல்லாமல் ஒரு மிட்டாய் பாட்டிலில் தள்ளி, மூடியில் ஓட்டை போட்டு, அவன் தலைமாட்டில் வைத்தேன். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அடியில் கால்களைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. “இது மரத்துல நிக்கிற ஜாதி அண்ணி. தரையில போட்டு வெச்சா செத்துப்பூடும். இதுக்கு நிமிந்த ஊடு வேணும்” என்றான்.

அப்படித் தொடங்கியதுதான் பெட்டி வேலை. உடைந்த படகின் பலகை கிடைத்தது. மற்றதற்குத்தான் திண்டாட்டம். எங்கள் ஊரில் உப்பில்லாதது எது? மண் உப்பு, கட்டை உப்பு, வீசுகிற காற்றே உப்பு. கடற்கரை மணல் கூடவே கூடாது என்று அவன் பிடிவாதம் பிடித்ததால், பொன்னேரிப் பக்கத்து நெல்வயலிலிருந்து ஒரு கூடை மண்ணை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பூச்சி வந்த அதே கட்டையின் பட்டையை உரித்து, வெந்நீரில் கழுவி, பின்பலகையில் சாய்த்து நிறுத்தினோம். நடுவில் அது புகுந்துகொள்ள ஒரு சந்து. மூலையில் ஒரு பிரண்டைத் துண்டை நட்டேன், தண்ணீருக்கு ஒரு மட்டி ஓடு வைத்தேன். “முன்னால காலியா உடு, பின்னால நெருக்கமா வை. காடு அப்டித்தான் கீது” என்பான். நான் வைத்ததை மூன்று தடவை பிரிக்கச் சொன்னான். “இன்னா தம்பி, பூச்சிக்கா இவ்ளோ அலங்காரம்?” என்று அலுத்துக்கொண்டால், “அழகா இல்லாட்டி அது இன்னாத்துக்கு வெளியே வரும்?” என்பான்.

பூச்சி போய்க் குடியேறியது உச்சியில். படுத்திருந்தவன் கண்ணுக்கு அடி மண்ணும் பிரண்டை வேரும்தான் தெரிந்தன. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைக்கட்டுமா என்று கேட்டேன். “வாணாம், அது நேரா இருக்கட்டும்” என்றான். அடுத்த வாரம் அண்ணனைக் கூப்பிட்டு, உத்திரத்தில் ஒரு கயிறு கட்டச் சொன்னான். வலை இழுத்த கைகள் அல்லவா, பலம் இன்னும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தான். மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தான், தானே பிசைந்து சாப்பிட்டான். மாமியார் பங்களாப் பேச்சை விட்டுவிட்டு, கையால் கரப்பான் பிடித்துக்கொண்டு வந்து, “இந்தா, உன் புள்ளைக்குப் போடு” என்று அவனிடம் கொடுக்கத் தொடங்கினார்.

எட்டு மாதம் போனது. ஐப்பசி பிறக்கும் சமயம் பூச்சி இரையைத் தொடுவதை நிறுத்தியது. பத்து நாளாக அதன் நிறமும் மங்கிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் அவனுக்குப் படுக்கைப் புண் அதிகமாகி, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது, “அத்தப் பாத்துக்கோ அண்ணி” என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். பார்த்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். மழை வருகிறது, பெட்டியின் பலகை ஊறிவிடுமே என்று யோசித்தேன். மழைக்கு முன்னால் மரத்துக்கு மீனெண்ணெய் பூசுவதுதான் நாங்கள் அறிந்த வழக்கம். படகுக்குப் பூசிய மிச்சத்தை எடுத்துப் பெட்டிக்கும் பூசினேன். அவன் வந்து பளபளப்பைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், பட்டைக்கு மேலே வெள்ளை விரிப்பாக வலை பின்னி, அதில் பூச்சி எட்டுக் காலும் மேலே இருக்க மல்லாந்து கிடந்தது. எண்ணெய் நெடியில் கொன்றுவிட்டேனே! மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். விசிறி மட்டையில் அதை அள்ளிக்கொண்டு போய் ஏரியில் எறிந்தேன். பெட்டியைத் துடைத்தேன். கதவைத் திறந்தபடி விட்டேன்.

“தம்பி, அது ஓடிப்போச்சு” என்றேன். உடைந்துவிடுவான், மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் திறந்த கதவையே பார்த்தான். மெல்லச் சிரித்தான். “பூட்ச்சா? நல்லதாப் போச்சு அண்ணி. இந்த ஊட்ல ஒண்ணாவது எழுந்து நடந்து போச்சே.” அதையே வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னான். வாசல் புன்னை மரத்தில்தான் அது இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, கயிற்றைப் பிடித்து உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். புண் ஆறவில்லை. தை மாதம் காய்ச்சலில் கண் சொருகியபோதுகூட, “மரத்துல பாத்தியா அண்ணி?” என்று கேட்டான். “பாத்தேன் தம்பி. நல்லா கீது” என்றேன். இரண்டாம் நாள் போய்விட்டான்.

இந்தப் பொய்யை நான் பாவமாக நினைத்ததில்லை. அவன் நிம்மதியாகப் போக அது உதவியது என்று இத்தனை வருஷம் மனதைத் தேற்றிவைத்திருந்தேன். போன வருஷம், விலங்கியல் படித்த என் மகளிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: இந்த ஜாதிப் பூச்சிகள் பழைய தோலைக் கழற்றும், அதற்கு முன்னால் பல நாள் தின்னாது, நிறம் மங்கும், கழற்றும்போது வலையை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ளும். தொடாமல் விட்டிருந்தால் புதுத் தோலோடு எழுந்து நின்றிருக்கும், அம்மா.

நண்டு ஓடு கழற்றுவதையும் இறால் சட்டை உரிப்பதையும் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. மல்லாந்து கிடந்தால் முடிந்துபோனது என்றுதான் தோன்றியது. மகளிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று ஏரிக்கரையில் விசிறி மட்டையைச் சாய்க்கும்போது அதன் ஒரு கால் மெல்ல மடங்கி விரிந்ததைப் பார்த்தேன். காற்றில் அசைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீரில் கொட்டினேன்.