விசிறி இரண்டும் ஓடின

நான்கு வருடங்களுக்கு முன்பு, வைகாசி வெயிலில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. பொன்மலையில் ரயில் என்ஜின்களைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பரிசோதிக்க என்ஜின் கிடைக்காததால் வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிப்போய்த் துணைத்தேர்வு எழுதவிருந்த, துறையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேருக்குக் கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுத்துவந்தாள். எங்கள் பழைய கம்ப்யூட்டரோ பாதி வகுப்பிலேயே சூடேறி அணைந்துவிடும். மறுபடி உயிர் வருவதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"பேசாம கடையில குடுத்துடலாங்க," என்றாள்.

என்ஜினையே குளிர வைத்தவன் இதற்குப் போய்க் கடைக்குப் போவதா? அரியமங்கலம் பட்டறை ஒன்றில் பைக்கிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர் கிடைத்தது. மீன் தொட்டி மோட்டார், ரப்பர் குழாய், கம்ப்யூட்டருக்குள் சூடேறும் சிப்பின் மேல் வைக்க ஒரு செம்புக் கட்டி, இரண்டு விசிறி. தண்ணீர் சூட்டைச் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்கும். அதன் ஒரு பக்கத்து விசிறி காற்றை உள்ளே தள்ள, மறுபக்கத்து விசிறி அதை இழுத்து வெளியேற்றும். நோட்டில் கட்டம் போட்டு அரை மணிக்கு ஒரு தரம் குறித்தேன். மோட்டார்: ஓடுகிறது. கசிவு: இல்லை. விசிறி ஒன்று: ஓடுகிறது. விசிறி இரண்டு: ஓடுகிறது.

சூடு மட்டும் இறங்கவில்லை. குழாயை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். பொன்மலை நடைமுறைப்படி ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். ஆறு நாள் போனது, மூன்று வகுப்பு அறுந்தது. ஒரு பெண், "டீச்சர், நான் அடுத்த வருஷமே எழுதிக்கிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டாள். அதைப் படித்த மனைவி போனை என் நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை சாமி படங்களுக்கு ஊதுபத்தி காட்டியவள், நேரே வந்து என் ரேடியேட்டருக்கும் காட்டினாள். "இதுவும் கண்ணைத் திறக்கட்டும்." கிண்டல்தான். ஆனால் சுற்றிய கை நின்றுவிட்டது. புகையை ஒரு பக்கம் பிடித்தாள், பிறகு மறுபக்கம் பிடித்தாள்.

"இந்தப் பக்கமும் உள்ள போகுது, அந்தப் பக்கமும் உள்ள போகுது. அப்ப எந்தப் பக்கம் வெளிய வரும்?"

இரண்டு விசிறியும் ஒன்றை நோக்கி ஒன்று காற்றைத் தள்ள, நடுவில் ரேடியேட்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. காற்று போகும் திசைக்கு விசிறியின் ஓரத்தில் அம்புக்குறியே போட்டிருந்தது. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நான்கு திருகாணி, பத்து நிமிட வேலை. ஒரு விசிறியைத் திசை திருப்பி மாட்டியதும் சூடு மளமளவென்று இறங்கியது.

"முதல் நாளே கேக்கணும்னு நெனச்சேங்க, ரெண்டும் ஏன் மூஞ்சிய வெளியில காட்டிட்டு இருக்குன்னு. நீங்க நோட்டும் கையுமா இருந்தீங்க. விட்டுட்டேன்."

அந்தப் பெண்ணை அவளே போனில் கூப்பிட்டுப் பேசினாள். மறுநாள் ஏழு பேரும் வந்தார்கள். தேர்வு வரை வகுப்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. மோட்டாரின் கொரகொர சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்தி இருபடிச் சமன்பாடு நடத்துவாள். நான் தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முப்பத்தாறு வருட வேலையில் அவ்வளவு சந்தோஷமான ஷிஃப்ட் நான் பார்த்ததில்லை. இப்போது சத்தமே போடாத லேப்டாப் வந்துவிட்டது, பக்கத்தில் எனக்கு வேலை இல்லை.

பொன்மலையில் என்னிடம் ஏதோ கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இன்றும் அடிக்கடி யோசிக்கிறேன்.