இலவசத்தில் விட்டு வைத்த குரல்

நேற்று வாஷிங் மெஷினுக்குப் புது ரப்பர் குழாய் மாட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாசனை கையை விட்டுப் போகவில்லை. அதோடு சாப்பிட உட்கார்ந்தால், சின்னவள் மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, கல்லூரி ப்ராஜெக்டுக்கு எந்த சர்வரில் இடம் எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா, இது ஃப்ரீ. கார்டு நம்பர்கூட கேக்கல" என்றாள். அது வேண்டாம் என்றேன். காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

தாராவியில் நாம் இருந்த சந்து முழுவதும் விடியற்காலையில் இந்த ரப்பர் வாசனைதான். பொதுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்ததும் டியூபை மாட்டி, மாடிக்கு இழுத்து, நீல டிரம்மில் விட வேண்டும். தூங்கிவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. எனக்கு அப்போது குர்லாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன், ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டேன் என்ற கர்வம் வேறு. ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் சந்துக்காக ஒரு ஆப் செய்தேன். குழாயடியில் முதலில் நிற்பவர் பேசினால், எல்லா வீட்டுப் போனிலும் அந்தக் குரல் கேட்கும். எழுத்தே வைக்கவில்லை. சந்தில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது.

முதலில் நிற்பவள் பெரும்பாலும் உங்கள் அம்மாதான். "தண்ணி வந்துட்டு, எந்திரிங்க. பேச்சியக்கா, ஒங்க டியூப்பு ஓட்டையா கெடக்கு. என் வாசல்ல ஆறு ஓடுது" என்பாள்.

எதிர்வீட்டுப் பேச்சியக்கா உடனே, "ஏட்டி, ஒன்ன ரேடியோவுல உக்கார வச்சது ஒம் புருசன் செஞ்ச தப்பு" என்று பேசி அனுப்புவாள்.

இப்படி மூன்று வருஷம். பேசியதெல்லாம் இலவசமாக இடம் கொடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் இருந்தது. போனில் எதுவும் தங்காது. இடத்தை அடைக்குமே என்று நான்தான் அப்படிச் செய்திருந்தேன். ஆபீசில் பக்கத்து சீட் மாதுங்கா கிருஷ்ணன் சார், "ஓய், அதையெல்லாம் ஒரு காப்பி எடுத்து உம்ம கையில வெச்சுக்கும்" என்றார். சிரித்தேன். ஓசியில் நல்லதைத் தேடிப் பிடிப்பதுதான் திறமை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் சந்துக்கே அந்தத் திறமை உண்டு. ஸ்டேஷன் பக்கம் குடை போட்டு யாராவது புது சிம் இலவசமாகக் கொடுத்தால், மொத்தச் சந்தும் போய் நம்பரை மாற்றிக்கொண்டு வரும். பழைய சிம் குப்பைக்கு. நானும் மாற்றினேன். அந்தக் கம்பெனியில் கொடுத்திருந்தது பழைய நம்பர் என்பது நினைவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உங்கள் அம்மா திரும்பவில்லை. சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. சந்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று டோம்பிவிலிக்கு வந்த பிறகு ஒருநாள் அவள் கேட்டாள்: "அம்மா எப்படிப்பா பேசுவாங்க?"

இரு, கேட்கவைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு மறந்திருந்தது. ஓடிபி பழைய நம்பருக்குப் போயிருப்பதாகத் திரை சொன்னது.

அந்த நம்பருக்கே போன் செய்தேன். அது இப்போது வேறு யாருக்கோ போயிருந்தது. அவர் எடுத்தார். இறந்துபோன என் மனைவியின் குரல் அதில் இருக்கிறது, வந்த நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்று தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினேன். "செத்த பொண்டாட்டியச் சொல்லி ஓடிபி கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்று ஹிந்தியில் திட்டிவிட்டு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றுதானே உங்களையும் வளர்த்தேன். கம்பெனிக்கு எழுதினேன். நம்பர் இருந்தால்தான் நம்புவோம் என்று பதில் வந்தது. சில மாதத்தில் இலவச இடத்தையே மூடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

சந்து இன்று இல்லை. பேச்சியக்கா கோவண்டியில் எங்கோ இருக்கிறாள். இந்த வீட்டில் திறந்தால் தண்ணீர். வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னவளே, "அம்மா குரல் ஒன் குரல் மாதிரியேதான் இருக்கும்" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். பிறகு பல நாள் நீ என் போனில் உன் குரலைப் பதிந்து, காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சொன்னது பொய். உங்கள் அம்மா பேசிய வார்த்தையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குரல்தான் வரமாட்டேன் என்கிறது.