மேடையேறாத றபான்

மர்சூக் பாடசாலை வேன் ஓட்டுகிறவர். அம்பிட்டியவிலிருந்து கண்டி நகரத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவருடைய இருபத்திரண்டு வருடத் தொழில். ஆனாலும் ஊரில் அவருக்கு வேன்காரர் என்ற பெயர் ஒட்டவில்லை. றபான் மர்சூக் என்றால்தான் தெரியும். நபிகள் நாயகம் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதம் தொடங்கியதும் முதல் பன்னிரண்டு நாளும் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ஊரின் சிறிய பள்ளிவாசலான தக்கியாவில் அவர் மீது பைத் என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவார்கள். பத்துப் பேர் பாட, மர்சூக் ஆட்டுத்தோல் போர்த்திய றபான் என்ற வட்டப் பறையை இடது கையில் ஏந்தித் தாளம் கொடுப்பார். குரல் சுமாரான குரல்தான். கை மட்டும் பிசகாது.

2016இல் தக்கியாவின் நிர்வாகம் மாறியது. மின்சாதனக் கடை வைத்திருந்த ஜமால்தீன் செயலாளரானார். ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன்வரிசையில் நிற்கிற மனிதர். முதல் கூட்டத்திலேயே, இனித் தக்கியாவுக்குள் றபான் வரக்கூடாது என்றார். இசைக்கருவி மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, அதைத் தொழுகிற இடத்திலேயே வைத்து அடிப்பது அதைவிடப் பெரிய பிழை என்பது அவர் வாதம். மர்சூக் எழுந்து, நபிகள் காலத்திலேயே மதீனாவில் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் தஃப் என்ற பறை அடித்தார்களே என்று கேட்டார். கல்யாணத்துக்குத்தான் அனுமதி, வணக்கத்துக்கு இல்லை என்று ஜமால்தீன் பதில் சொன்னார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கைதூக்கச் சொன்னார்கள். மர்சூக்கின் பக்கம் உயர்ந்தவை நான்கு கைகள்.

அவர் றபானை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், முன் கூடத்தில் பைத்தைத் தொடங்கினார். அடுத்த வாரமே ஆறு வீட்டுப் பிள்ளைகள் அவருடைய வேனை விட்டு வேறு வேனில் ஏறினார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. அவருடைய மனைவி ஸுலைஹா சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ கதிரைகளை வெளியே தள்ளிவிட்டுப் பாய் விரித்தாள், முன் கதவை அகலத் திறந்தும் வைத்தாள். மூத்த மகளின் கல்யாணத்தில் றபான் முழங்கியது. ஜமால்தீன் வரவில்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

2019 ஏப்ரலில் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தாடி வைத்தவனைப் பார்த்தால் பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகும் காலம் வந்தது. ஜூன் மாதத்தில் ஜமால்தீனைப் பொலிஸார் அழைத்துப் போனார்கள். வீட்டில் அறபுப் புத்தகங்கள் இருந்தன. அதோடு, தக்கியாவில் பாட்டையும் பறையையும் நிறுத்தியவர், ஆகவே தீவிரவாதி என்று யாரோ பொலிஸுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்.

அந்த வாரமே, ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷாமில் மர்சூக்கைத் தேடி வந்தான். கண்டியில் ஒரு நல்லிணக்க விழா நடக்கப்போகிறது, அதில் மர்சூக்கின் குழு மேடையேற வேண்டும் என்றான். பைத் முடிந்ததும் மைக்கில் இரண்டு வசனம் பேசினால் போதுமாம். அதைத் தன் போனில் எழுதி வைத்திருந்தான். இசையை வெறுத்தவர்கள்தான் இந்த நாட்டுக்கு நாசத்தைக் கொண்டுவந்தார்கள், எங்கள் ஊர் ஜமால்தீனை நாங்கள் அப்போதே அடையாளம் கண்டோம் என்று அதில் இருந்தது.

“இதவிட நல்ல சந்தர்ப்பம் உங்களுக்கு வராது நாநா. தக்கியாவும் உங்கட கைக்கு வரும்,” என்றான் ஷாமில்.

தக்கியாவுக்குள் மறுபடி றபான் அடிப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்ததாக மர்சூக் பிறகு ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கணம் போனதும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“மூணு வருஷமா அவர் என்னோட கோவம். அவர் சொல்றது பிழை எண்டு இண்டைக்கும் சொல்லுவேன். ஆனா றபான் வேணாம் எண்டவரும் குண்டு வெச்சவனும் ஒண்டு எண்டு என்ட வாயால வராது.”

பேச்சு வேண்டாம், பைத் மட்டும் பாடிவிட்டு இறங்குங்கள் என்று ஷாமில் இறங்கி வந்தான்.

“நான் அடிச்சு முடிய நீங்க அந்தப் பேச்சப் பேசுவீங்க. அதுவும் நான் பேசின மாதிரித்தான். ஏலா,” என்றார் மர்சூக்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஜமால்தீனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனார். கூடப் பாடுகிற பஹீம் எவ்வளவோ தடுத்தார். இந்த நாட்களில் நாமாகப் போய்ப் பெயர் கொடுப்பது கழுத்தை நீட்டுவது போல என்றார். மர்சூக் கேட்கவில்லை. அங்கிருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்க, இவரும் சிங்களத்தில் பதில் சொன்னார். ஆமாம், ஜமால்தீன்தான் றபானை நிறுத்தினார். இல்லை, அடித்து மிரட்டி நிறுத்தவில்லை, கூட்டத்தில் கைதூக்கி நிறுத்தினார்கள். அப்படியென்றால் உனக்குத் தொல்லை கொடுத்தவனுக்காக நீ ஏன் வந்தாய் என்று அதிகாரி கேட்டார்.

“கூட்டத்துல நான் தோத்ததுக்கு அவர உள்ள போடச் சொல்ல ஏலாதே, சேர்.”

அதிகாரி வாக்குமூலத்தை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். இன்னும் ஒரு வரி இருக்கிறது, நான் றபான் அடிப்பதை விடப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள் என்றார் மர்சூக். இந்த வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரி எரிச்சல்பட்டார். எழுதாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மர்சூக் உட்கார்ந்துவிட்டார். எழுதினார்கள்.

நாற்பத்தொரு நாள் கழித்து, வழக்கு எதுவும் இல்லாமல் ஜமால்தீன் வெளியே வந்தார். மர்சூக்கின் வாக்குமூலம் அதற்கு உதவியதா என்று யாருக்கும் தெரியாது. உடம்பு பாதியாகியிருந்தது. இரண்டாம் நாள் மர்சூக்கின் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, வெறும் தேநீர் குடித்தார். உங்களுக்காகத் துஆ கேட்டேன் என்றார். பிறகு, நபிகள் பிறந்த மௌலூது மாதம் வருகிறது, ஊர் ஒன்றாக இருக்க வேண்டிய நேரம், இந்த வருடமாவது றபானை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டார்.

ஸுலைஹா உள்ளே கையில் எடுத்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

“நான் பொலிஸுக்குப் போனது உங்கட பேச்சக் கேக்குறதுக்கு இல்ல நாநா,” என்றார் மர்சூக். “நீங்க வெளிய வந்து உங்கட பேச்சப் பேசணும் எண்டுதான்.”

ஜமால்தீனுக்கு முகம் சிவந்தது. ஆனால் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த மாதத்துப் பிறை கண்ட மாலை மர்சூக்கின் கூடத்தில் இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். றபான் சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டது. தக்கியாவின் பலகையில், இசைக்கருவி ஏன் கூடாது என்று ஜமால்தீன் தன் கைப்பட எழுதிய அறிவித்தல் அன்றைக்கே தொங்கியது. மர்சூக் தொழப் போனபோது அதை நின்று வாசித்து, ஓர் எழுத்துப் பிழையை மட்டும் பேனாவால் திருத்திவிட்டு வந்தார்.